டப்பா காலி... மாத்திரை எங்கே?

மாதத்துக்கு 30 மாத்திரை கொடுத்தோம். திரும்பி வந்த டப்பாவில் 2 மிச்சம். அப்படியானால் 28 மாத்திரை வயிற்றுக்குள் போயிருக்கிறது. புது மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் கிளினிக்கல் டிரையல்கள் பல்லாண்டு காலம் நம்பியிருந்த கணக்கு இவ்வளவுதான். இந்தச் சாதாரணக் கழித்தல் எவ்வளவு பெரிய பள்ளத்தில் தள்ளும் என்பது 2013 மார்ச்சில், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்த ஹெச்.ஐ.வி ஆய்வாளர்களின் மாநாட்டில் தெரியவந்தது.

அங்கே வெளியானது ‘வாய்ஸ்’ என்ற ஆய்வின் முடிவு. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் 15 மையங்கள். தொற்று இல்லாத 5,029 பெண்கள். தினம் ஒரு மாத்திரை விழுங்கினால், அல்லது தினம் பிறப்புறுப்பில் ஒரு ஜெல் வைத்துக்கொண்டால், ஹெச்.ஐ.வி வராமல் தடுக்க முடியுமா என்பது கேள்வி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் போலி ஜெல்லும் தரப்பட்டன. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

பெண்கள் மாதாமாதம் வந்தார்கள். நூற்றுக்கு 91 பேர் கடைசிவரை ஆய்வில் இருந்தார்கள். எந்த ஊரிலும் எந்த ஆய்வாளரும் பொறாமைப்படும் எண் இது. ரத்தம் கொடுத்தார்கள், மிச்ச மாத்திரையைத் திருப்பித் தந்தார்கள், ஒழுங்காகப் போட்டீர்களா என்றால் போட்டோம் என்றார்கள். அவர்கள் சொன்னதையும் டப்பாவில் எண்ணியதையும் வைத்துப் பார்த்தால், பத்தில் ஒன்பது வேளை மருந்து உள்ளே போயிருந்தது.

பிறகு, சேமித்து வைத்திருந்த ரத்தத்தை ஆய்வகத்தில் சோதித்தார்கள். மாத்திரை வாங்கியவர்களின் மாதிரிகளில் நூற்றுக்குச் சுமார் 30-ல்தான் மருந்து இருந்தது. ஜெல் வாங்கியவர்களிடம் 25. மாத்திரை வாங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தில், எந்த மாதம் எடுத்த மாதிரியிலும் மருந்தின் சுவடே இல்லை. ஆய்வுக் காலத்தில் 312 பெண்களுக்குப் புதிதாகத் தொற்று வந்திருந்தது. ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 6 பேர்.

இது முதல் அதிர்ச்சியும் அல்ல. கென்யா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 2,120 பெண்களை வைத்து நடந்த ‘ஃபெம்-பிரெப்’ ஆய்வு 2011 ஏப்ரலிலேயே பாதியில் நின்றது. மருந்து வாங்கியவர்களில் 33 பேருக்குத் தொற்று, போலி மாத்திரை வாங்கியவர்களில் 35 பேருக்கு. போட்டோம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 95. ரத்தத்தில் மருந்து இருந்தவர்கள் 40-க்கும் குறைவு.

அப்படியானால் மருந்து மோசமா? அந்த ஆய்வுகளில் கொடுத்த ‘ட்ருவாடா’ என்ற மாத்திரையை, அதே காலத்தில், கென்யாவிலும் உகாண்டாவிலும் இன்னொரு குழு சோதித்தது. கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத் தொற்று இருந்து, மற்றவருக்கு இல்லாத 4,700-க்கும் மேற்பட்ட தம்பதிகள். அங்கே தொற்று 75 சதவீதம் குறைந்தது. சோதித்த ரத்த மாதிரிகளில் பத்துக்கு எட்டில் மருந்து இருந்தது. அந்த வீடுகளில் மாத்திரை டப்பாவை ஒளிக்க வேண்டியதில்லை. எதற்காக அந்த மாத்திரை என்பது இருவருக்கும் தெரியும்.

இந்த ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிட வீட்டைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொள்கிறோம்.

குலுக்கினால் சத்தம் கேட்கும் டப்பா

ஏன் போடவில்லை? ‘வாய்ஸ்’ ஆய்வோடு சேர்ந்து, பின்னாலும் தொடர்ந்து, சமூகவியல் ஆய்வாளர்கள் இந்தப் பெண்களிடம் நீண்ட உரையாடல்கள் நடத்தினார்கள். முதலில் பெரும்பாலோர் பழைய பதிலையே சொன்னார்கள். அடுத்த கட்டத்தில், ஒவ்வொருவரின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருந்தது என்ற முடிவை அவரவரிடமே காட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது.

டப்பா கைப்பையில் சத்தம் போடுகிறது. பார்ப்பவர்களுக்கு அது ஹெச்.ஐ.வி நோயாளிகள் வாங்கும் அதே மாத்திரை. நோயே இல்லாத பெண்ணை நோயாளி என்று தெரு பேசும். காதலன் கேள்வி கேட்பான், மாமியார் வீட்டில் சந்தேகம் வரும். உடம்பில் ஒன்றுமில்லாதபோது நோயாளிக்கான மருந்தை ஏன் தின்ன வேண்டும் என்ற கேள்வி வேறு. பக்கவிளைவு பற்றிய பயம். காத்திருப்பு அறையில் பரவும் வதந்தி. ‘நான் போடுவதில்லை, நீயும் போடாதே’ என்ற தோழியின் அறிவுரை. கிளம்பும் முன் மிச்ச மாத்திரைகளை எண்ணி, அதிகப்படியானதைக் கொட்டிவிட்டு, சரியான எண்ணிக்கையோடு மையத்துக்கு வருவது.

இவ்வளவும் செய்துவிட்டு ஏன் மாதாமாதம் வந்தார்கள் என்று கேட்கலாம். அங்கே நல்ல கவனிப்பு கிடைத்தது. தவறாமல் ஹெச்.ஐ.வி பரிசோதனை, கருத்தடை வசதி, பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை, போக்குவரத்துச் செலவு, மரியாதையாகப் பேசும் நர்ஸ். அரசு மருத்துவமனையின் நீண்ட வரிசையில் கிடைக்காதவை. மாத்திரை பிடிக்கவில்லை என்று சொன்னால் இவையெல்லாம் போய்விடுமோ என்ற பயம் இருந்தது. அந்தப் பயம் நியாயமற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதில் ஆய்வாளர்கள் தரப்புக் கோணலும் ஒன்று உண்டு. டிரையலில் சேரும்போது கையெழுத்துக்கு நீட்டப்படும் படிவம் என்ன சொல்கிறது? இந்த மருந்து வேலை செய்யுமா என்று எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குக் கிடைப்பது போலி மாத்திரையாகவும் இருக்கலாம், இதை நம்பி ஆணுறையை விட்டுவிடாதீர்கள். சட்டப்படியும் அறப்படியும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த அறையில் கவுன்சலர் சொல்வார்: தினமும் ஒருநாள்கூட விடாமல் போடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் 22 வயதுப் பெண், சந்தேகத்தோடு மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டால் அவளை அலட்சியக்காரி என்பதா, காது கொடுத்துக் கேட்டவள் என்பதா?

ஆனால் அந்த மௌனத்துக்கு விலை உண்டு. அதைக் கொடுத்தவர்கள் அந்தப் பெண்களைப் போன்ற மற்றப் பெண்கள். 2010-ல் டர்பன் பகுதியில் நடந்த ‘காப்ரிசா 004’ ஆய்வில் 39 சதவீதப் பாதுகாப்பு தந்து உலகம் முழுக்க நம்பிக்கை ஊட்டிய அதே டெனோஃபோவிர் ஜெல், ‘வாய்ஸ்’ ஆய்விலும் பிறகு 2015-ல் வெளியான ‘ஃபேக்ட்ஸ் 001’ ஆய்விலும் தோற்றது. அது கடைக்கு வரவே இல்லை. வைத்துக்கொண்டவர்களுக்கு அது பயன்பட்டிருக்குமா என்ற கேள்வி அரைகுறை விடையோடு நிற்கிறது.

சேத்துப்பட்டின் திடீர் விருந்தாளிகள்

இது ஆப்பிரிக்காவில் பிறந்த தலைவலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நோயாளி மாத்திரையை விழுங்குகிறாரா என்ற கேள்வியை ஒரு அறிவியல் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு அளந்து பார்த்தவர்களில் முன்வரிசையில் நிற்பது சென்னை சேத்துப்பட்டு.

1956-ல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்த முயற்சி. தலைமை ஏற்று வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். டி.பி. வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவ உலகம் நம்பிய காலம். தாம்பரத்துக்கு அருகே ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டதே, அந்தக் காலம். படுக்கைகளோ கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. மருந்தைக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். 193 நோயாளிகள், பெரும்பாலும் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். பாதிப்பேர் வீட்டில், பாதிப்பேர் சானடோரியத்தில்.

1959-ல் வெளியான முடிவு உலகத்தின் காசநோய் சிகிச்சையையே திருப்பிப் போட்டது. இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே பலன். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

அன்றைய மருந்துகளில் ஒன்று பாஸ் என்ற பொடி. ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம் விழுங்க வேண்டும். குமட்டும், வயிற்றைக் கலக்கும். ஓராண்டு காலம் அதைத் தினமும் வீட்டிலேயே ஒழுங்காகச் சாப்பிடுவார்கள் என்று ஃபாக்ஸ் குழு கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். மிச்ச மருந்தை எண்ணுவார்கள். சிறுநீர் வாங்கிவந்து சோதிப்பார்கள். பாஸ் உள்ளே போயிருந்தால், ஃபெரிக் குளோரைடு சேர்த்ததும் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். ‘வாய்ஸ்’ குழு ஆய்வு முடியும் தறுவாயில் கண்டுபிடித்ததை, சேத்துப்பட்டுக்காரர்கள் ஆய்வு நடக்கும்போதே அறிய முயன்றார்கள். அரை நூற்றாண்டு முந்தி.

1958-லேயே ஃபாக்ஸ் இந்தப் பிரச்சினை பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். அடுத்த கட்டமாக, வாரம் இரண்டு முறை நோயாளியை மையத்துக்கு வரவழைத்து, பணியாளரின் கண்ணெதிரில் மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்தார்கள். 1964-ல் வந்த முடிவில் அந்த முறையில் நூற்றுக்கு 94 பேர் தேறினார்கள், வீட்டில் தினமும் தாமே மருந்து எடுத்தவர்களில் 85 பேர். இரு தரப்பின் மருந்துகளும் வேறு என்பதால் முழுப் பெருமையையும் கண்காணிப்புக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் பின்னாளில் உலகமெங்கும் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் போன திட்டத்தின் வேர் இங்கே இருக்கிறது. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

கண்ணெதிரில் விழுங்க வைப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு மையத்துக்கு வரும் நாள் பாதிக் கூலி நாள். அங்கே தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் வியாதி ஊருக்குத் தெரிந்துவிடும். ஆப்பிரிக்கப் பெண்ணின் டப்பாச் சத்தத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

போலி மாத்திரை ஆயுளைக் கூட்டுமா?

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் தனியே பிரித்து எண்ணினால் உண்மை தெரிந்துவிடாதா? சாப்பிடாதவர்களை ஏன் கணக்கில் வைக்க வேண்டும்? யாருக்கும் தோன்றும் கேள்விதான். பதில் 1980-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. மருத்துவப் புள்ளியியலில் இதைவிட வேடிக்கையான அட்டவணையை நான் பார்த்ததில்லை.

மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் குளோஃபிப்ரேட் என்ற மருந்தைக் கொடுத்துச் சோதித்த அமெரிக்க ஆய்வு அது. மொத்தமாகப் பார்த்தால் மருந்துக்கும் போலி மாத்திரைக்கும் வித்தியாசமில்லை. ஆனால் மருந்தை 80 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காக எடுத்தவர்களில் ஐந்தாண்டில் இறந்தவர்கள் நூற்றுக்கு 15. ஒழுங்காக எடுக்காதவர்களில் சுமார் 25. ஆகா, மருந்து வேலை செய்கிறது என்று துள்ளத் தோன்றும். அடுத்த வரியில் போலி மாத்திரைக்காரர்கள். ஒழுங்காக எடுத்தவர்களில் இறந்தவர்கள் 15, எடுக்காதவர்களில் 28!

வெறும் போலி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதால் உயிர் பிழைத்தார்களா? இல்லை. மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறவர் பெரும்பாலும் மற்றவற்றிலும் அப்படித்தான் இருப்பார். சாப்பாடு, தூக்கம், சிகரெட், டாக்டரிடம் போவது, கூட இருந்து கவனிக்க ஓர் ஆள். ஒழுங்கானவர்களை மட்டும் பிரித்தெடுத்தால் அவர்களுடைய வாழ்க்கையின் நன்மை மருந்தின் கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் மருந்து விழுங்கினாலும் விழுங்காவிட்டாலும், எந்தக் குழுவில் போட்டோமோ அந்தக் குழுவிலேயே வைத்து எண்ணு என்ற விதி வந்தது. நேர்மையான விதி. ஆனால் பாதிப்பேர் விழுங்காதபோது நல்ல மருந்தும் அதில் மண்ணைக் கவ்வும். பத்துக்கு மூன்று பேர் விழுங்கவில்லை என்றால், அதே விடையைப் பெற ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆட்களைச் சேர்க்க வேண்டியிருக்கும். இன்னொரு ஆபத்து பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. பாதிப்பேர் விழுங்காத மருந்தின் பக்கவிளைவும் பாதியாகத்தான் தெரியும். அதை நம்பிக் கடைக்கு வரும் மருந்தை, சொன்னபடி தினமும் விழுங்குகிற நல்ல நோயாளிதான் அகப்பட்டுக்கொள்வார்.

வடிகட்டலும் உளவும்

இதற்கு ஆய்வுலகம் கண்டுபிடித்த ஒரு குறுக்குவழி, ஒழுங்கானவர்களை முன்கூட்டியே வடிகட்டி எடுப்பது. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று அமெரிக்க ஆண் மருத்துவர்களையே வைத்து 1980-களில் சோதித்தார்கள். முதலில் 33,223 மருத்துவர்களுக்கு 18 வாரம் வெள்ளோட்டம். சரியாக மாத்திரை எடுக்காதவர்கள், விலகியவர்கள், தகுதியில்லாதவர்கள் எல்லோரையும் கழித்து, மிஞ்சிய 22,071 பேரோடுதான் ஆய்வு தொடங்கியது. பங்கேற்றவர்கள் அனைவரும் டாக்டர்கள் என்பதைக் கவனியுங்கள். நம்மிடம் ‘மாத்திரை போட்டீங்களா?’ என்று கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்கிறவர்கள்.

விடை தெளிவாகக் கிடைத்தது, முதல் மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த மருந்து போகப்போவது வடிகட்டாத உலகத்துக்கு. வடிகட்டி எடுத்தவர்களிடம் கிடைத்த எண்ணை நம் வீட்டுப் பெரியவருக்கு அப்படியே பொருத்துவதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு.

இன்னொரு வழி உளவு பார்ப்பது. நுரையீரல் நோய்க்கான ஓர் அமெரிக்க-கனடா ஆய்வில், தினம் மூன்று வேளை இழுக்க வேண்டிய இன்ஹேலருக்குள் நேரத்தைப் பதிவு செய்யும் கருவியை வைத்தார்கள். அது நேரத்தையும் பதிகிறது என்பது தெரியாத பிரிவினரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், மூன்று மணி நேரத்துக்குள் நூறு தடவைக்கு மேல் அழுத்தியிருந்தார்! மருந்தைக் காற்றில் பீய்ச்சிக் காலி செய்துவிட்டு, வெற்று டப்பாவோடு டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். கருவி இருப்பதைச் சொல்லி, பதிவையும் காட்டிப் பேசிய பிரிவில் இந்த வேலை அனேகமாக நடக்கவே இல்லை. ஒளிந்து பார்த்தபோது ஏமாற்றினார்கள், சொல்லிவிட்டுப் பார்த்தபோது நேராக இருந்தார்கள். கருவி விற்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

நம் நாட்டில் காசநோய்க்கு மிஸ்டு கால் முறை வந்தது. மாத்திரையைப் பிதுக்கினால் அட்டைக்குப் பின்னால் ஒரு கட்டணமில்லா எண் தெரியும், அதை அழைத்தால் அன்றைய மருந்து எடுத்ததாகப் பதிவாகும். கெட்டிக்காரத்தனம்தான். சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளிடம் சிறுநீர்ச் சோதனையோடு ஒப்பிட்டு 2020-ல் வெளியான ஆய்வு, இந்தப் பதிவை அவ்வளவாக நம்ப முடியாது என்றது. மருந்தைப் போட்டவர்கள் பலர் அழைக்கவில்லை. அழைத்தவர்களில் சிலர் போடவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி

‘வாய்ஸ்’ தந்த அடியை வீணாக்காதவர்களும் இருக்கிறார்கள். டப்பாவே வேண்டாம் என்றால் என்ன? லெனகபவிர் என்ற மருந்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். மீண்டும் தென்னாப்பிரிக்கா, உகாண்டா. 16 முதல் 25 வயதுவரையான பெண்கள், அதாவது முந்தைய ஆய்வுகளில் மாத்திரையைத் தொடாத அதே வயதினர். 2024-ல் முடிவு வந்தது. ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. அதே ஆய்வில் தினசரி ட்ருவாடா மாத்திரை பெற்ற 1,068 பேரில் 16 பேருக்கு வந்தது. மாத்திரைக்காரர்களில் பெரும்பாலோர் இந்த முறையும் ஒழுங்காகப் போடவில்லை.

2025 ஜூனில் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. அங்கே ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல் விலை. ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டாலரில் 2027 முதல் தருவதாக அறிவிக்கப்பட்டிருப்பது ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டிரோ நிறுவனங்களின் தயாரிப்பு. மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டிய பெண்கள் கேட்டது இப்படி ஒன்றைத்தான். நேரடியாகக் கேட்டிருந்தால் சில ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும், பல தொற்றுகளும் தவிர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எல்லா நோய்க்கும் ஆறு மாத ஊசி வரப்போவதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், மனநோய், புற்றுநோய் என்று இந்தியாவில் நடக்கும் டிரையல்கள் பலவும் இன்னும் மாத்திரையை நம்பித்தான் இருக்கின்றன. இங்கே டாக்டரிடம் ‘போடலை சார்’ என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? திட்டுவார், கோபித்துக்கொள்வார், இலவச மருந்தை நிறுத்திவிடுவார் என்ற அச்சம் தர்ம ஆஸ்பத்திரி காலத்திலிருந்து நம் உடம்பில் ஊறியிருக்கிறது. ஆய்வை நடத்துகிறவர்கள் ‘தவறாமல் போட்டீங்களா?’ என்று கேட்பதை முதலில் நிறுத்த வேண்டும். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. ‘போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு, என்ன காரணம்?’ என்று கேட்டுப் பார்க்கட்டும். ரத்தத்தில் மருந்தின் அளவை ஆய்வு முடிந்தபின் பார்ப்பதற்குப் பதில், நடக்கும்போதே பார்த்து, அந்த முடிவை நோயாளியிடம் காட்டிப் பேசட்டும்.

நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ கிளினிக்கல் டிரையலில் சேர்ந்திருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தக் கட்டத்திலும், காரணம் சொல்லாமல்கூட, விலக உங்களுக்கு உரிமை உண்டு. விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால், இந்தியாவின் 2019-ம் ஆண்டு விதிகளின்படி இலவச மருத்துவமும் இழப்பீடும் பெறலாம். மருந்தை நிறுத்திவிட்டீர்களா? டப்பாவில் இருக்கும் மாத்திரையைக் கொட்டாதீர்கள். அப்படியே எடுத்துக்கொண்டு போய், போடவில்லை என்று சொல்லுங்கள், ஏன் போடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.